நெயில் கன்னில் காற்று கசிகிறதா? எந்த ஓ-ரிங், எந்த அளவு, எப்படி மாற்றுவது

பெருந்துறைப் பக்கம் பேலட், அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டு, செய்யும் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவரின் கேள்விக்கு இந்தப் பதில். அவரிடம் இருப்பது சுருள் ஆணி போட்டுக் காற்றழுத்தத்தில் அடிக்கும் நெயில் கன், அதாவது காயில் நெயிலர். ஹோஸை மாட்டியதுமே, ட்ரிக்கரைத் தொடாமலே, மேலே எக்ஸாஸ்ட், அதாவது அடித்து முடித்த காற்று வெளியேறும் வாய், வழியாக உஸ்ஸென்று காற்று போகிறதாம். அடித்தால் ஆணி முழுதாக இறங்காமல் தலை மூன்று நான்கு மில்லிமீட்டர் வெளியே நிற்கிறதாம். பக்கத்துக் கடையில் கண் அளவுக்கு ஒரு ஓ-ரிங், அதாவது காற்றை அடைக்கும் வட்ட ரப்பர் வளையம், வாங்கிப் போட்டிருக்கிறார். கொஞ்ச நாளில் பழைய கதையாகிவிட்டது. கடைக்காரர் புது மெஷின் வாங்கச் சொல்கிறார். நானே சரி செய்ய முடியுமா, எந்த ரிங் போட வேண்டும் என்று கேட்கிறார்.

தாராளமாகச் செய்யலாம். அலுமினிய உடம்பு, சிலிண்டர், பிஸ்டன், வால்வு எல்லாம் பல வருஷம் வரும். அதற்கு முன்னால் தேய்ந்து போவது ரப்பர்தான். ரப்பர் விலை மெஷின் விலையில் ஒரு மூலைக்கு வராது. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த ரப்பர் போயிருக்கிறது என்பதை மெஷினைப் பிரிப்பதற்கு முன்பே, காற்று உள்ளே இருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும். பிரித்து மேஜையில் பரப்பிவிட்டால் எல்லா ரிங்கும் ஒன்றுபோலக் கறுப்பாகத்தான் தெரியும். கசிவின் சத்தம் எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்ற இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அதற்கு உள்ளே காற்று எப்படிப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஹோஸிலிருந்து வரும் காற்று கைப்பிடிக்குள்ளும் சிலிண்டரின் மேல் பகுதியைச் சுற்றியும் நிரம்பி நிற்கும். சிலிண்டரின் வாயை மேலிருந்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஹெட் வால்வு. அதன் முதுகுப் பக்கத்திலும் அதே அழுத்தக் காற்று இருக்கும், கூட ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். அதனால் அது அசையாமல் அமர்ந்திருக்கும். ட்ரிக்கரை இழுத்தால் முதுகுப் பக்கத்துக் காற்று மட்டும் ட்ரிக்கர் வால்வு வழியாக வெளியேறுகிறது. உடனே ஹெட் வால்வு மேலே எழும்ப, சேர்த்து வைத்த காற்று மொத்தமும் பிஸ்டன் தலையில் இறங்குகிறது. பிஸ்டனோடு சேர்ந்த டிரைவர் பிளேடு ஆணியை அடிக்கிறது. பிஸ்டன் கீழே போய் மோதுவது, அந்த மோதலைத் தாங்கும் மெத்தையான பம்பரில்.

பிஸ்டன் திரும்ப மேலே வருவதற்கு நெயிலரில் தனி ஏற்பாடு. சிலிண்டரின் கீழ்ப் பகுதியைச் சுற்றி இன்னொரு காற்று அறை உண்டு. பிஸ்டன் இறங்கும்போது சிலிண்டர் சுவரில் உள்ள சின்னத் துளைகள் வழியாக அந்த அறைக்குக் காற்று போகும். அந்தத் துளைகளை வெளியிலிருந்து ஒரு ரப்பர் வளையம் மூடியிருக்கும். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு மாதிரி, போகிற காற்றை விடும், அதே வழியில் திரும்ப விடாது. ட்ரிக்கரை விட்டதும் ஹெட் வால்வு மூடி, பிஸ்டன் மேலிருந்த காற்று எக்ஸாஸ்ட் வழியாகப் போய்விடும். கீழறையில் சேர்ந்த காற்று அடியில் உள்ள துளைகள் வழியாக வந்து பிஸ்டனை மேலே தள்ளிவிடும். காயில் நெயிலரில் ஆணியை ஒவ்வொன்றாக நகர்த்தும் சின்ன ஃபீட் பிஸ்டனும் காற்றிலேயே வேலை செய்வதுதான். அதற்கும் தனியாக ஓ-ரிங் இருக்கும்.

இப்போது சத்தத்துக்கு வருவோம். ஆணிச் சுருளை எடுத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆணி வெளியே வரும் மூக்கு ஆள் இல்லாத பக்கம் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு ஹோஸை மாட்டுங்கள். மூக்குக்கு நேரே விரலோ முகமோ போகக் கூடாது. சோப்பு நீர் தடவுவதாக இருந்தாலும் பக்கவாட்டிலிருந்தே தடவுங்கள்.

ட்ரிக்கரைத் தொடாதபோதே எக்ஸாஸ்டில் காற்று போனால், ஹெட் வால்வு சிலிண்டர் வாயில் சரியாக உட்காரவில்லை, அல்லது ஹெட் வால்வைச் சுற்றியுள்ள ஓ-ரிங் தேய்ந்துவிட்டது. உட்காரும் இடத்தில் மரத்தூளோ துருவோ ஒட்டியிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். தொடாதபோதே மூக்கு வழியாகக் காற்று வந்தால், சிலிண்டரின் நடுவில் வெளிப்பக்கம் இருக்கும் ஓ-ரிங்கைச் சந்தேகப்படுங்கள். மேல் அறையையும் கீழ் அறையையும் பிரிப்பது அதுதான். அது விட்டால் காற்று கீழறைக்குப் போய், துளை வழியாகச் சிலிண்டருக்குள் வந்து, மூக்கில் வெளியேறும். அடித்து ட்ரிக்கரைப் பிடித்திருக்கும்போது மட்டும் மூக்கில் காற்று சீறினால் பம்பர் கிழிந்திருக்கும், அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும்.

ட்ரிக்கரில் வரும் கசிவுதான் பலரை ஏமாற்றுவது. சும்மா இருக்கும்போதே ட்ரிக்கர் அடியில் காற்று வந்தால் ட்ரிக்கர் வால்வுத் தண்டின் சின்ன ஓ-ரிங் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ட்ரிக்கரை இழுத்துப் பிடித்திருக்கும்போது மட்டும் அங்கே விடாமல் காற்று வந்தால், குற்றவாளி மேலே ஹெட் வால்வில் இருக்க வாய்ப்பு அதிகம். ட்ரிக்கர் இழுத்த நிலையில் ஹெட் வால்வின் முதுகுப் பக்கம் ட்ரிக்கர் வழியாக வெளியே திறந்திருக்கிறது. ஹெட் வால்வின் வெளி ஓ-ரிங் தேய்ந்திருந்தால் மேல் அறைக் காற்று அதைத் தாண்டி முதுகுப் பக்கம் போய், அங்கிருந்து ட்ரிக்கர் வழியாக வந்துகொண்டே இருக்கும். இது தெரியாமல் ட்ரிக்கர் வால்வை இரண்டு தடவை மாற்றியும் கசிவு நிற்காமல், மெஷினைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டவர்கள் உண்டு.

மூடிக்கும் உடம்புக்கும் இடையில் கசிந்தால் அங்கே வைத்திருக்கும் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு, அல்லது அதிர்வில் தளர்ந்த போல்ட். அதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை.

நீங்கள் சொன்ன அறிகுறியை இதில் வைத்துப் பார்த்தால், எக்ஸாஸ்ட் கசிவு ஹெட் வால்வைக் காட்டுகிறது. ஆணி முழுதாக இறங்காததற்கு அதே கசிவும் காரணமாகலாம், பிஸ்டன் ரிங்கும் காரணமாகலாம். ஹோஸைக் கழற்றிவிட்டு, மூக்கு வழியாக ஒரு மரக்குச்சியை விட்டு டிரைவர் பிளேடை மெதுவாக மேலே தள்ளிப் பாருங்கள். ரிங் நன்றாக இருந்தால் ஒரே சீரான இறுக்கத்தோடு நகரும். மெஷினைக் குலுக்கினாலே பிஸ்டன் தொளதொளவென்று மேலும் கீழும் ஓடினால், பெரும்பாலும் ரிங் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்கும் முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆணி இறங்காததற்கு ரப்பர் காரணமே இல்லாமலும் இருக்கலாம். பேலட்டுக்கு அடிக்கும் காயில் நெயிலர் ஒவ்வொரு அடிக்கும் நிறையக் காற்று குடிக்கும். பெயின்ட் ஸ்பிரேக்கு வாங்கிய ஒல்லி ஹோஸையும் துளை குறுகிய கப்ளிங்கையும் (ஹோஸை இணைக்கும் பூட்டு) மாட்டினால், கம்ப்ரஸர் மீட்டரில் அழுத்தம் 7 பார் காட்டினாலும் மெஷினுக்கு அது போய்ச் சேராது. முதல் ஆணி நன்றாக இறங்கி, வேகமாக அடிக்க அடிக்க அடுத்தடுத்த ஆணிகள் மட்டும் நிற்கின்றன என்றால் அது காற்று போதாத கோளாறு. உள்விட்டம் 8 அல்லது 10 மி.மீ. ஹோஸ் போட்டு, நீளத்தையும் குறைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பிரிக்கலாம்.

சரி, பிரிக்கலாம் என்று முடிவானால் முதல் வேலை ஹோஸைக் கழற்றுவது. கழற்றிய பிறகு உள்ளே காற்று மிச்சம் இருக்கக் கூடாது. இங்கே கப்ளிங் விஷயத்தைக் கவனியுங்கள். மெஷினில் இருக்க வேண்டியது திறந்த துளையுள்ள ஆண் பிளக். தானே மூடிக்கொள்ளும் பெண் கப்ளிங் ஹோஸ் பக்கம்தான் இருக்க வேண்டும். சில பட்டறைகளில் மாற்றி மாட்டியிருப்பார்கள். அப்படி இருந்தால் ஹோஸைக் கழற்றிய பிறகும் மெஷினுக்குள் முழு அழுத்தமும் நிற்கும், இன்னும் ஒரு ஆணியை அடிக்கும் பலம் அதில் இருக்கும். உங்கள் மெஷினில் அப்படி இருந்தால் ரிங் மாற்றுவதற்கு முன்னால் அதை மாற்றுங்கள். உயிர் போகிற விஷயம் இது.

மேல் மூடியில் பெரும்பாலும் நான்கு ஆலன் போல்ட் இருக்கும். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அடியில் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். மூடியை எடுத்ததும் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன்னால் ஒரு படம், எடுத்த வரிசையிலேயே வெள்ளைத் துணியில் இடமிருந்து வலமாக வைப்பது. ஹெட் வால்வு எந்தப் பக்கம் மேலே, கேஸ்கெட்டின் துளை எந்த மூலைக்கு நேராக இருந்தது என்பதெல்லாம் அப்போது மனதில் நிற்கிற மாதிரித்தான் இருக்கும். டீ குடித்துவிட்டு வந்தால் மறந்துவிடும். கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டால் காற்று வழியே அடைத்துக்கொண்டு மெஷின் அடிக்காது.

பழைய ரிங்கை எடுக்க ஸ்க்ரூ டிரைவர் முனையையோ ஊசியையோ பயன்படுத்தாதீர்கள். ரிங் உட்காரும் பள்ளம் அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கும். இரும்பு முனை ஒரு கீறல் போட்டால், புது ரிங் போட்ட பிறகும் அந்தக் கீறல் வழியாகவே காற்று போகும். மூங்கில் குச்சியைத் தட்டையாகச் சீவி வைத்துக்கொண்டால் போதும். விரலால் ரிங்கை ஒரு பக்கம் குவித்து, எழும்பிய இடத்தில் குச்சியை விட்டுத் தூக்கிவிடலாம்.

எடுத்த ரிங்கைத் தூக்கி எறியாதீர்கள். எப்படிக் கெட்டது என்பதை அதுவே சொல்லும். ஒரு பக்கம் தட்டையாகி, சதுரமாகத் தேய்ந்திருந்தால் வயதான தேய்மானம். வெடிப்பு வெடிப்பாகக் கீறி, வளைத்தால் உடைந்தால் சூடும் வறட்சியும். ஊதிப் பெருத்து, கொழகொழவென்று இருந்தால் தப்பான எண்ணெய் அல்லது தப்பான ரப்பர். ஒரே இடத்தில் கடித்த மாதிரி துண்டு போயிருந்தால் மாட்டும்போது சிலிண்டர் துளையில் சிக்கியிருக்கிறது. உங்களுடைய ரிங் கொஞ்ச நாளிலேயே போனதென்றால், மூன்றாவதா நான்காவதா என்று முதலில் பாருங்கள்.

மூன்றாவதாக இருக்க நம் பக்கத்தில் நல்ல காரணம் ஒன்று உண்டு. கோவையைச் சுற்றி மோட்டார் பம்புக்கும் குழாய்க்கும் ஆன ஓ-ரிங் எந்தத் தெருவிலும் கிடைக்கும். அவற்றில் சில ஈபிடிஎம் ரப்பரில் செய்தவை. தண்ணீருக்கும் வெந்நீருக்கும் அது அருமையான ரப்பர். மினரல் ஆயில் பட்டால் மட்டும் ஊதிவிடும். ஏர் டூலில் எண்ணெய் விடாமல் இருக்க முடியாது. நமக்கு வேண்டியது நைட்ரைல், அதாவது என்பிஆர். இரண்டும் கறுப்பு, தடவிப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் ஒரு ரிங்கின் தடிமனை வெர்னியரில் அளந்து குறித்துக்கொண்டு, டூல் ஆயிலில் ஒன்றிரண்டு நாள் ஊறப் போட்டு மறுபடி அளங்கள். பருத்திருந்தால் போடாதீர்கள். கடையில் கேட்கும்போது என்பிஆர், 70 ஷோர் என்று சொல்லிக் கேளுங்கள். 70 என்பது கடினத்தின் அளவு. பழைய ரிங் தொட்டுப் பார்க்கும்போதே விறைப்பாக இருக்கிற இடங்களுக்கு 90 ஷோர் கேட்கலாம். வைட்டான் என்ற ரப்பர் சூடு தாங்கும், விலை அதிகம். இந்த வேலைக்கு அது தேவையில்லை. சிவப்பு சிலிகான் ரிங் உரசலில் சீக்கிரம் கிழியும், நகரும் இடத்தில் போடவே கூடாது.

அடுத்தது அளவு. பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. பழைய ரிங்கைக் கையில் கொண்டுபோய், அதேபோல ஒன்று கொடுங்கள் என்று வாங்குகிறோம். ஆனால் அந்தப் பழைய ரிங் தேய்ந்து மெலிந்தது, அல்லது ஊதிப் பெருத்தது. அதற்குச் சமமாகப் புதியது வாங்கினால், கெட்டுப்போன அளவையே மறுபடி வாங்குகிறோம். அளக்க வேண்டியது பள்ளத்தை.

உதாரணம் சொல்கிறேன். ரிங் உரசி ஓடும் துளையின் உள்விட்டம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்தின் அடிவிட்டம் 15.6 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் 4.4, அதில் பாதி 2.2 மி.மீ. ரிங் அடங்கி உட்கார வேண்டிய இடம் அவ்வளவுதான். ரிங்கின் தடிமன் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால்தான் நசுங்கி அடைக்கும். 2.5 மி.மீ. ரிங் போட்டால் 0.3 மி.மீ. நசுங்கும், அதாவது 12 சதவீதம். நகரும் ரிங்குக்கு 8 முதல் 15 சதவீதம் வரை நசுங்கினால் போதும். 2.62 போட்டால் 16 சதவீதம். காற்று கசியாது, ஆனால் இறுக்கத்தில் வால்வு மந்தமாக நகரும், சூடேறி ரிங் சீக்கிரம் தேயும். 2 மி.மீ. போட்டால் சுவரையே தொடாது. உள்விட்டமும் பள்ளத்தைவிடச் சற்றுச் சின்னதாக இருக்க வேண்டும். 15 மி.மீ. ரிங் 15.6 பள்ளத்தில் 4 சதவீதம் இழுபட்டுக் கெட்டியாக உட்காரும். ஆக, கடையில் கேட்க வேண்டியது 15-க்கு 2.5. மூடிக்கு அடியில், சிலிண்டரைச் சுற்றி என்று நகராத இடங்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நசுங்கினால் தவறில்லை.

ஓ-ரிங் தடிமனில் மூன்று குடும்பம் உண்டு. அமெரிக்க அங்குல வரிசையில் 1.78, 2.62, 3.53 மி.மீ.; ஜப்பானிய பி வரிசையில் 1.9, 2.4, 3.5 மி.மீ.; மெட்ரிக்கில் 1.5, 2, 2.5, 3 என்று நேரான எண்கள். நம் சந்தையில் விற்கும் நெயிலர்கள் பல நாட்டு வடிவமைப்பில் வருவதால் எந்தக் குடும்பமும் உள்ளே இருக்கலாம். கடைக்காரர் 2.4-க்குப் பதிலாக 2.62-ஐக் கொடுத்து, இது ஓகே, உட்காரும் என்பார். உட்காரத்தான் செய்யும். மேலே சொன்ன கணக்குப்படி, பிறகு மந்தமாகிச் சீக்கிரம் தேய்வது அதனால்தான்.

நல்ல ரிங்குக்கு மெஷின் கடைகளை மட்டும் நம்ப வேண்டியதில்லை. கோவையிலும் ஈரோட்டிலும் பேரிங், ஹைட்ராலிக் சீல் விற்கும் கடைகளில் எல்லா வரிசையும் கிடைக்கும். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்காகவே ரப்பர் சீல் நிறைய வைத்திருப்பார்கள். காற்றில் ஓடும் இயந்திரம் அவர்களுக்குப் புதிதல்ல. உங்கள் மெஷினுக்கே ஆன சீல் கிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அளவு பார்க்கும் தலைவலி மிச்சமாகும். ஓ-ரிங் மாதிரி வட்டமாக இல்லாத பம்பரும், துளைகளை மூடும் தட்டை வளையமும் அதில் சேர்ந்து வரும். இவை இரண்டையும் வெளியில் அளவெடுத்து வாங்க முடியாது. வாங்கிய ரிங்கை வெயில் படாமல், மோட்டாரும் வெல்டிங்கும் இல்லாத இடத்தில் மூடி வையுங்கள். தீப்பொறியில் உண்டாகும் ஓசோன் நைட்ரைலைப் பயன்படுத்தாமலே வெடிக்க வைத்துவிடும்.

மாட்டுவதற்கு முன்னால் சுத்தம். இரும்பு, அலுமினியப் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள். ரப்பர் மீது மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் படக் கூடாது. சிலிண்டரின் உள்சுவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரலால் தடவிப் பாருங்கள். மங்கலான கறை இருந்தால் மெல்லிய ஸ்காட்ச்பிரைட் போதும். உப்புத்தாள் வேண்டாம். நகம் தடுக்கும் அளவுக்கு நீளக் கீறல் இருந்தால் எந்த ரிங்கும் அங்கே நிற்காது, சிலிண்டரை மாற்ற வேண்டியதுதான். பம்பரையும் இப்போதே அழுத்திப் பாருங்கள். ஓரம் உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ மாற்றிவிடுங்கள். பம்பர் போன மெஷினில் பிஸ்டன் நேராக அலுமினிய உடம்பில் மோதி, உடம்பே விரிசல் விடும்.

ரிங்கைப் போடும்போது விறைப்பாக இருந்தால் சில நிமிடம் வெந்நீரில் போட்டு எடுங்கள், இளகும். பள்ளத்தில் இறக்கிய பிறகு, உருண்டையான மூங்கில் குச்சியை ரிங்குக்கு அடியில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். முறுக்கு இருந்தால் சரியாகிவிடும். முறுக்கிய ரிங் நாள் ஆக ஆகச் சுருள் சுருளாகக் கிழியும். அப்புறம் ரிங்குக்கும் சுவருக்கும் கிரீஸ். நைட்ரைலுக்கு லித்தியம் கிரீஸ் பிரச்சனை செய்யாது. ஓ-ரிங்குக்கே ஆன சிலிகான் கிரீஸும் நல்லது. மெல்லிய பூச்சு போதும். அள்ளி அப்பினால் மரத்தூளும் கிரீஸும் சேர்ந்து பசையாகி, ஹெட் வால்வு உட்காரும் இடத்திலேயே போய் நிற்கும்.

பிஸ்டனைச் சிலிண்டருக்குள் விடும்போது நேராகக் குத்தாமல், சற்றுச் சாய்த்து ஒரு பக்கம் நுழைத்து, விரலால் ரிங்கை உள்ளே தள்ளிக்கொண்டே நேராக்குங்கள். சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளை ரிங் தாண்டும் இடத்தில் சுத்தியலால் தட்டக் கூடாது. கைக்கு அடங்காத இறுக்கமென்றால் அளவு தப்பு. ட்ரிக்கர் வால்வு முழுசாகவே சின்ன விலைக்குக் கிடைப்பதாக இருந்தால், அதன் உள் ரிங்குகளைத் தனித்தனியாக மாற்றுவதைவிட முழு வால்வையும் மாற்றுவதே மேல் என்பது என் எண்ணம். அந்தத் தண்டும் தேய்ந்துதான் இருக்கும். மூடியின் போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். அலுமினியத்தில் அளவுக்கு மீறி இறுக்கினால் மரை உருவிக்கொண்டு வந்துவிடும். மரையைப் பிடித்துக்கொள்ளும் நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டால் அதிர்வில் தளராது.

காற்று கொடுக்கும் முன்னால் நுழைவாயிலில் டூல் ஆயில் நாலைந்து சொட்டு விடுங்கள். ரெகுலேட்டரைச் சுமார் 5 பாரில் வைத்துக்கொண்டு ஹோஸை ஒரே தள்ளில் மாட்டுங்கள். பூஜ்யத்திலிருந்து மெல்ல மெல்ல அழுத்தத்தை ஏற்றினால், நன்றாக இருக்கிற மெஷின்கூட எக்ஸாஸ்டில் கசியும். ஹெட் வால்வு உட்காருவதற்கு வேண்டிய அழுத்தம் இன்னும் வந்திருக்காது. இதைப் பார்த்துப் பயந்து மறுபடி பிரிப்பவர்கள் பலர். அழுத்தம் வந்த பிறகும் நிற்கவில்லையென்றால்தான் கோளாறு. கசிவில்லையென்றால் ஆணி போட்டு, கழிவுப் பலகையில் அடித்துப் பாருங்கள். பெரும்பாலான மெஷின்களுக்கு 5 முதல் 7 பார் போதும். 8 பாருக்கு மேல் ஏற்றி ஆணியை இறக்குவது மெஷினைக் கொல்கிற வழி. மெஷினின் மேல் எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தைத் தாண்டவே கூடாது.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏர் டூலுக்கு ஐஎஸ்ஓ விஜி 32 அளவில் வரும் மெல்லிய நியூமேட்டிக் ஆயில்தான் சரி. வண்டிக்கு ஊற்றும் இன்ஜின் ஆயிலில் கலக்கும் டிடர்ஜென்ட் இங்கே வேண்டாதது, கெட்டியும் அதிகம். டபிள்யூடி-40 துருவை எடுக்க நல்லது. உள்ளே அடித்தால் போட்ட கிரீஸையெல்லாம் கழுவிவிட்டுப் போகும். தேங்காய் எண்ணெய் நம் வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காக ஊற்றுகிறவர்களைப் பொள்ளாச்சிப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். நாள்பட்டு அது பிசினாகி வால்வை ஒட்டிப் பிடித்துவிடும்.

புது ரிங்கும் சீக்கிரம் போவதற்குப் பெரிய காரணம் தண்ணீர். 30 டிகிரி வெயிலில், 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 7 பார் அழுத்தம் என்றால் அப்படி எட்டு கன மீட்டர் காற்றை ஒரு கன மீட்டருக்குள் திணிக்கிறோம். நீராவி 190 கிராமுக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. டேங்கில் அது 35 டிகிரிக்கு ஆறினால் அந்த ஒரு கன மீட்டர் தாங்கக்கூடியது 40 கிராம் அளவுதான். மீதி 150 கிராமும் தண்ணீராக இறங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டேங்க் வால்வைத் திறந்தால் தண்ணீர் கொட்டுவது இதனால்தான். திறந்து விடாவிட்டால் அது ஹோஸ் வழியாக மெஷினுக்குப் போகிறது. கிரீஸைக் கழுவுகிறது, ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது, பாலியூரித்தேன் பம்பரை உள்ளுக்குள்ளேயே அரித்துப் பிசுபிசுப்பாக்குகிறது. தினமும் வேலை முடிந்ததும் டேங்க்கை வடியுங்கள். மெஷினுக்கு முன்னால் ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர் மூன்றும் சேர்ந்த எஃப்ஆர்எல் ஒன்றைப் போட்டுவிட்டால், எண்ணெய் விட மறந்தாலும் அது பார்த்துக்கொள்ளும்.

ஏற்றுமதி பேலட் அடிக்கிறவர் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஏற்றுமதி மரப் பெட்டி, பேலட்டுகளுக்கான சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15-இன்படி மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய பலகை, சூளையிலிருந்து வரும்போது பெரும்பாலும் ஓரளவு காய்ந்து இறுகியிருக்கும். அதே ஆணி பச்சை மரத்தில் இறங்கிய மாதிரி இதில் இறங்காது. ரிங் எல்லாம் மாற்றிய பிறகும் ஆணித் தலை ஒரு மில்லிமீட்டர் மட்டும் நிற்கிறதென்றால், மெஷினைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அழுத்தத்தை அரை பார் கூட்டிப் பாருங்கள். டிரைவர் பிளேடின் நுனியையும் பாருங்கள். நுனி உருண்டிருந்தால் அடி ஆணித் தலையில் முழுதாக விழாமல் வழுக்கும். சதுரமாக, சூடேறாமல் மெல்லத் தேய்த்து நேராக்கலாம். நிறையத் தேய்த்தால் பிளேடு குட்டையாகி, ஆணி நிரந்தரமாகவே வெளியே நிற்கும். அப்போது பிளேடை மாற்ற வேண்டும்.

ஆணி இடையிடையே வராமல் வெற்றடி விழுந்தால் ஃபீட் பிஸ்டனின் ரிங்கையும் அதன் ஸ்பிரிங்கையும் பாருங்கள். பிஸ்டன் முழுதாக மேலே திரும்பாவிட்டாலும் இதேதான் நடக்கும். இவ்வளவும் செய்த பிறகும் உங்கள் மெஷினில் எக்ஸாஸ்ட் கசிவு நிற்கவில்லையென்றால், ஹெட் வால்வை எடுத்துச் சிலிண்டர் வாயில் உட்காரும் வளையத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசலோ, தேய்ந்த பள்ளமோ இருந்தால் ரிங் மாற்றிப் பயனில்லை. ஹெட் வால்வை அதன் ஸ்பிரிங்கோடு சேர்த்து மாற்ற வேண்டும். உடம்பின் அலுமினியத்தில் விரிசல் கண்டால் மட்டும் அதை வெல்டிங் வைத்துத் திரும்ப ஓட்டாதீர்கள். கடைக்காரர் சொன்ன புது மெஷினை அப்போது வாங்கிக்கொள்ளலாம்.